கூடியது கவனமா, மதிப்பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளையின் நெகிழ்வுத்தன்மை (அனுபவத்துக்கும் பயிற்சிக்கும் ஏற்ப மூளை மாறும் இயல்பு), அறிதிறன், கவனம் ஆகியவை குறித்து ஜெனீவா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டாஃப்னே பவெலியே நடத்திவரும் ஆய்வுகளை அறிமுகப்படுத்திய கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். அறிவியலுக்கு முழுப்பக்கம் ஒதுக்குவது அரிதாகிவிட்ட காலத்தில் அப்படி ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் மூளையின் நெகிழ்வை ‘எல்லையற்ற’ என்று வருணித்த கட்டுரைத் தலைப்பும், கடைசி இரண்டு பத்திகளும், அருகே கட்டம் கட்டி அச்சிட்டிருந்த குறிப்பும் அந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டன. மூளை மாறக்கூடியது, ஆகவே தினமும் அரை மணி நேரம் பயிற்சி கொடுத்தால் எவருடைய கவனமும் கூடிவிடும் என்பதுதான் படித்து முடித்தவர் மனத்தில் தங்கும் செய்தி. அதன் முற்பாதி உண்மை. ‘ஆகவே’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

உளவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். கட்டுரை வந்த மூன்றாம் நாள், முன்பு என்னிடம் படித்த பெண்மணி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பத்து வயது மகன் வீட்டுப்பாடத்துக்கு ஐந்து நிமிடம்கூட உட்காருவதில்லை என்றும், கவனப் பயிற்சி தருவதாகச் சொல்லும் ஒரு செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா என்றும் கேட்டார். “மூளையே மாறும்னு போட்டிருக்காங்களே, சார்” என்றார். நான் அன்று சொன்ன பதில் அரைகுறையானது. அதை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கும் முயற்சியே இக்கடிதம்.

மூளை மாறும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. பழக்கம் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும்போது அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890ஆம் ஆண்டிலேயே நரம்புத் திசுவின் நெகிழ்வைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், வளர்ந்தவரின் மூளை இறுகிப்போன ஒன்று என்ற கருத்தே ஓங்கியிருந்தது. டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1960களில் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை முதல் சில வாரங்கள் மூடிவைத்துப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்த பிறகும், மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணியின் நரம்பணுக்களில் மிகச் சிலவே அந்தக் கண்ணின் சமிக்ஞைக்கு இயங்கின. வளர்ந்த பூனையின் கண்ணை மூடிவைத்தபோது அந்த விளைவு ஏற்படவில்லை. நெகிழ்வுக்கு ஒரு பருவம் உண்டு என்ற பாடம் அதிலிருந்து பிறந்தது. 1981இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது.

வளர்ந்தவர் மூளையும் மாறும் என்பதற்குத் தங்கள் கட்டுரை காட்டிய சான்று லண்டன் டாக்சி ஓட்டுநர்கள். அதையே எடுத்துக்கொள்வோம். உரிமம் பெறுவதற்கு அவர்கள் ஏறத்தாழ 25,000 தெருக்களை மூன்று நான்கு ஆண்டுகள் செலவிட்டு மனத்தில் பதிக்க வேண்டும். எலினார் மக்வயர் குழுவினர் 2000ஆம் ஆண்டில் 16 ஓட்டுநர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்ததில், இடங்களை நினைவில் கொள்ள உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அது பெரிதாக அமைந்தவர்கள்தாம் அந்தத் தொழிலுக்கு வருகிறார்களோ என்ற நியாயமான ஐயத்தைத் தீர்க்க, பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். உரிமம் பெற்றவர்கள் 39 பேர். அவர்களுக்கு மட்டுமே அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. தங்கள் கட்டுரை இதோடு நிறுத்திக்கொண்டது. முதல் ஆய்விலேயே அந்த ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் முன்பகுதி மற்றவர்களைவிடச் சிறிதாக இருந்ததையும், இரண்டாம் ஆய்வில் உரிமம் பெற்றவர்கள் ஒரு சிக்கலான உருவத்தைப் பார்த்துச் சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து வரையும் தேர்வில் பின்தங்கியதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், மூளையில் நடந்தது பொதுவான ஒரு வளர்ச்சி அன்று, ஒரு வேலைக்கான ஏற்பாடு என்பது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். லண்டன் தெருக்களுக்காக மாறிய மூளை, காகிதத்தில் உள்ள ஓர் உருவத்துக்கு உதவவில்லை.

சித்திரம் கைப்பழக்கம், செந்தமிழ் நாப்பழக்கம் என்கிறோம். கையின் பழக்கம் நாவுக்கு வந்து சேரும் என்று நம்மில் எவரும் சொன்னதில்லை. உளவியலில் இதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. வகுப்பில் நான் சலிக்காமல் சொல்லிவந்தது அது. வில்லியம் சேஸ், ஆண்டர்ஸ் எரிக்சன் இருவரும் எஸ்.எஃப். என்று மட்டும் குறிப்பிட்ட ஒரு கல்லூரி மாணவருக்கு, நொடிக்கு ஒன்றாக எண்களை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். தொடக்கத்தில் எல்லாரையும்போல் ஏழு எண்கள்தாம் வந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, மொத்தம் 230 மணி நேரத்துக்கும் கூடுதலாகப் பயிற்சி செய்த பிறகு 79 எண்களைத் திருப்பிச் சொன்னார். 1980இல் வெளியான இந்த முடிவைக் கேட்டால், நினைவாற்றல் பத்து மடங்குக்கு மேல் பெருகிவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது அவரால் ஆறுக்கு மேல் சொல்ல முடியவில்லை. அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். எண்களை மூன்று நான்காகச் சேர்த்து ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றி நினைவில் வைக்கும் உத்தியைத் தாமே உருவாக்கிக்கொண்டிருந்தார். எழுத்துகளை ஓட்டப்பந்தய நேரமாக மாற்ற முடியாதல்லவா? வளர்ந்தது உத்தி. நினைவின் கொள்ளளவு பழைய இடத்திலேயே இருந்தது. ஆசிரியர் பயிற்சி பெற்ற வாசகர்களுக்குப் ‘பயிற்சி மாற்றம்’ என்ற பாடத் தலைப்பு நினைவிருக்கும். ஒன்றில் பெற்ற பயிற்சி இன்னொன்றில் எவ்வளவு உதவும் என்ற இந்தக் கேள்வியை உளவியலாளர்கள் தார்ன்டைக்கும் உட்வொர்த்தும் 1901இலேயே சோதித்து, இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவே உதவும் என்றார்கள். நூறாண்டுக்கும் மேலாக அந்த விடையை அசைக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள்; அசைந்தது கொஞ்சமே.

கவனம் என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘கவனமாகப் போ’ என்றால் எச்சரிக்கை. ‘இதைக் கவனி’ என்றால் பார்வையைத் திருப்பு. ‘தாயை நன்றாகக் கவனித்துக்கொண்டார்’ என்றால் பராமரிப்பு. சில வட்டாரங்களில் ‘கவனம் வைத்துக்கொள்’ என்றால் மறந்துவிடாதே. பேச்சுவழக்கு இப்படி ஒரே சொல்லில் பல வேலைகளை அடைத்துவைத்திருக்க, ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்துவிட்டார்கள். மைக்கேல் போஸ்னரும் ஸ்டீவன் பீட்டர்சனும் 1990இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, விழிப்போடு இருத்தல், வேண்டிய இடத்துக்குக் கவனத்தைத் திருப்புதல், ஒன்றோடொன்று மோதும் எண்ணங்களில் வேண்டாததை அடக்கி வேண்டியதைத் தொடர்தல் என மூன்று வெவ்வேறு வலையமைப்புகள் மூளையில் இருப்பதாகப் பிரித்துக் காட்டியது. நெடுநேரம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கும் திறன் தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்தது. ரேடார் திரையைக் கண்காணிப்பவர்களின் சிக்கலை ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், முதல் அரை மணி நேரத்துக்குள்ளாகவே மனிதர்கள் தவறவிடத் தொடங்குகிறார்கள் என்று 1948இல் காட்டினார். வீட்டுப்பாடத்தின் முன் அமரும் சிறுவனுக்கு வேண்டியது பெரும்பாலும் அடக்கித் தொடரும் கவனம். திரையில் மின்னும் பொருளை விரைந்து கண்டுபிடிக்கும் பயிற்சி தொடுவது திருப்பும் கவனத்தை. இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்று என்பதால், ஒன்று வளர்ந்தால் மற்றதும் வளரும் என்று நம்பிவிடுகிறோம்.

இப்போது பேராசிரியர் பவெலியேயின் ஆய்வுக்கு வருகிறேன். பிறவியிலேயே செவித்திறன் இல்லாதவர்களைப் பற்றி அவரும் ஹெலன் நெவிலும் செய்த ஆய்வுகளைத் தங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு அவைதாம் முதன்மையாகப் படுகின்றன. செவித்திறன் இல்லாதவர்களுக்குப் பார்வை கூர்மையாகிவிடும் என்ற பொதுநம்பிக்கை தவறு என்றும், பார்வையின் பல திறன்கள் மற்றவர்களைப் போலவே இருக்க, பார்வைப் புலத்தின் ஓரத்தில் நிகழ்வதைக் கவனிக்கும் திறன் மட்டும் கூடுகிறது என்றும் அந்த ஆய்வுகள் காட்டின. பின்னாலும் பக்கவாட்டிலும் நடப்பதைச் சொல்லக் காது இல்லாத நிலையில், கண்ணின் ஓரம் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. எவ்வளவு குறிப்பான மாற்றம் பாருங்கள்.

வீடியோ கேம் ஆடினால் கவனம் கூடுமா என்ற அவருடைய ஆய்வு இதன் தொடர்ச்சியாக, ஏறக்குறைய தற்செயலாக வந்தது. அவருடைய மாணவர் ஷான் கிரீன் ஒரு பார்வைத் தேர்வுக்கான நிரலை எழுதித் தன்மீதே சோதித்தபோது, முடிவு நம்பமுடியாத அளவுக்கு உயர்ந்து வந்தது. நிரலில் பிழை என்று எண்ணி மற்றவர்களையும் சோதித்தார். அதிரடி விளையாட்டுகளை விளையாடும் நண்பர்களுக்கும் அப்படியே வந்தது. இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், விளையாடும் பழக்கமில்லாதவர்கள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாகப் பத்து நாள் ஓர் அதிரடி விளையாட்டை ஆடிய பிறகு, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை ஆடியவர்களைவிடப் பார்வைக் கவனத் தேர்வுகளில் அதிகம் முன்னேறினார்கள். பயிற்சி மாற்றம் அரிது என்றிருந்த துறையில் இது பெரிய செய்திதான்; மறுக்கவில்லை. ஆனால் வால்டர் பூட் குழுவினர் 2008இல் 20 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி கொடுத்துப் பார்த்தும் அத்தகைய பலனைக் காணவில்லை. விரைவான விளையாட்டை ஆடியவர், தாம் விரைவுத் தேர்வில் முன்னேறுவோம் என்று எதிர்பார்த்தே உட்காருகிறார், டெட்ரிஸ் ஆடியவருக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை, இது மருந்துப்போலியின் விளைவாகவும், அதாவது பலன் வரும் என்ற எதிர்பார்ப்பே தரும் பலனாகவும் இருக்கலாமே என்றும் பின்னர் கேட்டார்கள். பவெலியேயும் பங்கேற்று 2018இல் வெளியான, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு, விளையாடும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே சுமார் அரைத் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவில் பாதி) அளவு வேறுபாடு இருந்தாலும், பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் மூன்றில் ஒரு பங்கு திட்டவிலக்கம் அளவே என்று கணக்கிட்டது. தங்கள் தலைப்பின் உரத்த குரல் அந்த அளவான கணக்கில் இல்லை. அந்த ஆய்வுகளில் பயன்பட்டவை பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திச் சுடும் விளையாட்டுகள் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லியிருக்கலாம்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு மிக நெருங்கிய சான்று இன்னொன்று. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கொண்ட குறைபாடு) உள்ள சிறுவர்களுக்காக உருவாக்கிய ஒரு வீடியோ கேமுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 ஜூனில் அனுமதி அளித்தது. அதற்கு அடிப்படையான முதன்மைச் சோதனையில் 8 முதல் 12 வயதுக்குட்பட்ட 348 சிறுவர்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் நாளுக்கு 25 நிமிடம், வாரம் ஐந்து நாள், நான்கு வாரம் அந்த விளையாட்டை ஆட, மற்றப் பிரிவினர் ஒரு சொல் விளையாட்டை ஆடினார்கள். கணினியில் எடுத்த கவனத் தேர்வில் முதல் பிரிவினர் முந்தினார்கள். ஆனால் பெற்றோர் நிரப்பிய அறிகுறிப் படிவத்தில் இரண்டு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை; இரண்டிலும் ஓரளவு முன்னேற்றமே இருந்தது. கணினித் தேர்வின் மதிப்பெண் கூடிற்று. வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் புத்தகத்தின் முன்னும் அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று தாய் சொன்னதில், சொல் விளையாட்டு ஆடிய பிள்ளையிடமிருந்து அவனைப் பிரித்தறிய முடியவில்லை. சந்தா கட்டும் பெற்றோர் எதற்காகக் கட்டுகிறார்கள்?

பொதுவான மூளைப் பயிற்சிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏட்ரியன் ஓவன் குழுவினர் 2010இல் 11,430 பேரை ஆறு வாரம் இணையவழி பயிற்சி செய்யவைத்தபோது, செய்த பயிற்சியில் முன்னேறினார்களே தவிர அது வேறு தேர்வுகளுக்குப் பரவவில்லை. லூமாசிட்டி என்ற செயலியின் நிறுவனம், போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கை 2016இல் 20 லட்சம் டாலர் செலுத்தி முடித்துக்கொண்டது. எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் மறைக்க விரும்பவில்லை. 65 வயதைக் கடந்த 2,832 பேரிடம் நடந்த ‘ஆக்டிவ்’ ஆய்வில், பத்தே அமர்வுகளில் தர்க்கப் பயிற்சியும் பார்வை வேகப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு அந்தந்தத் திறனில் கிடைத்த பலன் பத்து ஆண்டு கழித்தும் எஞ்சியிருந்தது; பயிற்சி பெற்ற எல்லாப் பிரிவினரும் அன்றாட வேலைகளில் சிரமம் குறைவு என்று தாமே தெரிவித்தார்கள். ஆனால் இங்கும் தர்க்கம் பழகியவர் தர்க்கத்தில்தான் வளர்ந்தார். வேகம் பழகியவர் வேகத்தில்தான்.

உடலின் எந்த உறுப்புக்கு மூளையின் எந்தப் பகுதி என்ற மூளை வரைபடமே அடியோடு மாறிவிடும் என்று கட்டுரை சொன்ன இடத்தில் நம் அனைவருக்கும் பழக்கமான ஒரு பெயர் வந்திருந்தது. சான் டியேகோவில் உளவியல் பேராசிரியரான வி.எஸ். ராமச்சந்திரன் 1990களின் தொடக்கத்தில், கை துண்டிக்கப்பட்டவரின் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரல்களில் தொடுவதுபோல் அவர் உணர்வதைக் கண்டு, மூளையில் கைக்குரிய பகுதியை அதன் அருகேயுள்ள முகத்துக்குரிய பகுதி எடுத்துக்கொண்டுவிட்டது என்று விளக்கினார். எளிய பஞ்சுக்குச்சி ஒன்றால் செய்த அந்தச் சோதனையின் அழகை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. டமார் மேக்கினும் அவருடன் பணிபுரிவோரும் 2013 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள், கை போன பிறகும் அந்தக் கையின் வரைபடம் மூளையில் பெருமளவு அழியாமல் நிலைத்திருப்பதைக் காட்டுகின்றன. வளர்ந்தவர் மூளை எவ்வளவு மாறும் என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கும்போது, தலைப்பில் ‘எல்லையற்ற’ என்ற அடைமொழி எதற்கு?

இவ்வளவையும் படித்துவிட்டு நான் நெகிழ்வுத்தன்மையில் நம்பிக்கை இல்லாதவன் என்று எவரும் கருத வேண்டாம். பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்கு, நன்றாக உள்ள கையில் உறையை மாட்டி விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதைப் பயன்படுத்தவிடாமல் செய்து, தளர்ந்த கையையே நாளெல்லாம் வேலை வாங்கும் சிகிச்சையை எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் உருவாக்கினார். பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேரிடம் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்ட முடிவில், இரண்டே வாரச் சிகிச்சையின் பலன் ஓராண்டுக்குப் பின்னும் நீடித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டம், பிறவிக் கண்புரையோடு எட்டு வயதையும் பதினைந்து வயதையும் கடந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, பூனைக்குட்டிகளைக் கொண்டு நாம் போட்ட கணக்கு மனிதருக்கு அவ்வளவு கடுமையாகப் பொருந்தாது என்று காட்டியிருக்கிறது. தொட்டறிந்த பொருளைக் கண்ணால் கண்டு சொல்ல முதலில் திணறிய அந்தப் பிள்ளைகள் சில நாட்களிலேயே தேறினார்கள். ஆயினும் பார்வைக்கூர்மை முழுமையாக வந்துவிடவில்லை. இந்த இரண்டிலும் பயிற்சியும் பலனும் ஒரே இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். கை அசைய வேண்டும் என்றால் கையைத்தான் அசைக்கிறார்கள். பார்க்க வேண்டும் என்றால் பார்க்கத்தான் விடுகிறார்கள்.

என் பழைய மாணவிக்கு இதையே சொல்லியிருக்க வேண்டும். பையன் படிப்பில் அமர வேண்டும் என்றால் பயிற்சியும் படிப்பிலேயே நடக்கட்டும். இன்று ஐந்து நிமிடம் என்றால் ஐந்தில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். மேசையிலிருந்து கைப்பேசி அகலட்டும். பாடம் அவனுக்குப் புரிகிறதா, இரவில் போதிய தூக்கம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பள்ளியிலும் வீட்டிலும் நெடுநாளாகவே இப்படி இருந்தால் மருத்துவரிடம் காட்டலாம். சந்தாப் பணம் மிச்சம்.

தங்கள் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆய்வை எழுதும்போது, எதில் பயிற்சி கொடுத்தார்கள், எதை அளந்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், பலன் எவ்வளவு நாள் நின்றது என்பவற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் போதும். மூளையின் வண்ணப் படத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதி அதற்குக் கிடைத்தாலே நிறைவு.

கடைசியாக, கட்டம் கட்டிய அந்தக் குறிப்பு. மனிதரின் கவனம் எட்டு நொடியாகச் சுருங்கித் தங்கமீனைவிடக் குறைந்துவிட்டது என்று அதில் அச்சிட்டிருந்தீர்கள். கனடாவில் ஒரு மென்பொருள் நிறுவனம் விளம்பரதாரர்களுக்காக 2015இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து உலகெங்கும் பரவிய வரி அது. அதன் பின்னால் மனிதரையோ மீனையோ அளந்த உளவியல் ஆய்வு எதுவும் இல்லை. அளக்கப்பட்டது வேறொன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர் குளோரியா மார்க், மனிதர்கள் கணினியில் ஒரே திரையில் தொடர்ந்து தங்கும் நேரம் 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்து, பிந்தைய ஆண்டுகளில் 47 நொடியாகக் குறைந்ததைப் பதிவுசெய்திருக்கிறார். அது நம் பழக்கத்தின் அளவு. நம்மால் எவ்வளவு முடியும் என்பதன் அளவாக அதைக் கொள்ள முடியாது. அதே மனிதர்தாம் இரண்டரை மணி நேரத் திரைப்படத்தை எழுந்திருக்காமல் பார்க்கிறார். மற்றவை கருத்து வேறுபாடு என்று ஒதுக்கப்பட்டாலும், தங்கமீன் வரியையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியர்